மீடியம் என்றால் நடுத்தரம் இல்லை

வியாழக்கிழமை காலை எட்டு மணி பத்து நிமிடத்துக்கு என் மகள் தொலைபேசியில் ஒரு சொல் சொன்னாள். அந்தச் சொல்லிலிருந்துதான் எல்லாம் கோணலாகத் தொடங்கியது. நான் அப்போது கோலாலம்பூரில், பிரிக்பீல்ட்ஸ் பகுதியில் அவள் வாடகைக்கு இருக்கும் மூன்றாம் மாடி வீட்டில், ஈரத் தலையில் துண்டோடு நின்றுகொண்டிருந்தேன். மலேசியாவுக்கு வந்து அது மூன்றாவது நாள்தான். முதல் நாளிலிருந்து சொன்னால் என் பக்கத்து நியாயம் கொஞ்சமாவது தெரியும்.

நான் கரூரில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் ஆசிரியை. மகள் மதுவுக்கு இருபத்தைந்து வயது. இரண்டு வருடமாகப் பிரிக்பீல்ட்ஸில் ஒரு புகைப்பட நிலையத்தில் உதவியாளராக இருக்கிறாள். போன மாதம் நான் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தபோது அவள் தோழி கூப்பிட்டு, "ஆன்டி, பயப்படாதீங்க, மது ஏணியிலேருந்து விழுந்துட்டா" என்றாள். 'பயப்படாதீங்க' என்று தொடங்கும் எந்தச் செய்தியையும் கேட்டு நான் பயப்படாமல் இருந்ததில்லை. இடது மணிக்கட்டு எலும்பு முறிந்திருந்தது, வேறொன்றுமில்லை. ஆனாலும் இன்றுவரை தொலைபேசி அடித்தால் முதல் மணியிலேயே எடுத்துவிடுகிறேன். அவள் அப்பாவுக்கு பாஸ்போர்ட் இல்லை. நான் கிளம்பிவிட்டேன்.

விமான நிலையத்தில் மது கழுத்தில் தொட்டில் கட்டித் தொங்கவிட்ட கையோடு நின்றாள். "அழாதீங்கம்மா, எல்லாரும் பாக்கறாங்க" என்றாள். நான் அதுவரை அழவில்லை. அவள் சொன்ன பிறகுதான் அழுகை வந்தது.

நேராக வீட்டுக்குக் கீழே இருந்த சாப்பாட்டுக் கடைக்கு அழைத்துப் போனாள். பரிமாறுபவர் வந்து, "ஆன்டி, பசியாறியாச்சா?" என்று கேட்டார். நம் ஊரில் இப்படி யாராவது கேட்டால் ஏதோ அன்னதானத்துக்கு வந்துவிட்டோமோ என்று தோன்றும். இங்கே காலைச் சாப்பாட்டுக்கே அதுதான் பெயர். எனக்கு அவ்வளவாகப் பசியில்லை என்றேன். "பசி இல்லாட்டி என்னா ஆன்டி, பசியாறலாம் லா" என்று இந்த ஊர்ப் பேச்சின் வால் 'லா'வையும் சேர்த்துச் சொல்லி ஒரு ரொட்டி சானாயை வைத்துவிட்டுப் போனார். நம் பரோட்டாவின் வசதியான உறவுக்காரர் மாதிரி இருந்தது. அதே முகம், இன்னும் கொஞ்சம் மென்மை, கூடவே பருப்புக் குழம்பு.

ஒரு டீ கேட்டேன், சர்க்கரை குறைத்து. அவர் உள்ளே திரும்பி, "தே சத்து, கூராங் மானிஸ்!" என்று கத்தினார். எனக்குத் திக்கென்றது.

"மது, எனக்கு சத்து மாவெல்லாம் கலக்க வேண்டாம்னு சொல்லு."

அவள் சிரித்த சிரிப்பில் தொட்டில் கை குலுங்கியது. மலாயில் 'சத்து' என்றால் ஒன்று. ஒரு டீ, இனிப்புக் குறைவாக, அவ்வளவுதான். இந்த ஊரில் சொற்களைக் கவனமாகக் கேட்க வேண்டும் என்று அன்றே எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை.

இரண்டாம் நாள் சமைத்தேன். பிரிக்பீல்ட்ஸில் முருங்கைக்காய், வாழைப்பூ, சின்ன வெங்காயம் எல்லாம் கிடைக்கின்றன. கரூர் உழவர் சந்தையில் நின்று பேரம் பேசும் நினைப்பில் நான் பேரம் பேச, கடைக்காரப் பெண், "அக்கா, விலை மேல ஒட்டியிருக்கு, என் மேல ஒட்டல" என்றாள். வீட்டுக்குப் பின்னால் மோனோ ரயில் போகும்போதெல்லாம் தட்டுகள் மெல்ல ஒலிக்கும். மது அதைக் கவனிப்பதே இல்லை.

சாயங்காலம் அவள் முதலாளி சேவியர் வந்தார். அறுபதை நெருங்கும் மனிதர், ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவர், எப்போதும் மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்திருப்பார். கையில் ஒரு பெரிய கறுப்புக் கேமரா. அதை மேசைமேல் வைத்த விதத்தைப் பார்த்தால் தூங்கும் குழந்தையைக் கிடத்துவது போலிருந்தது.

விஷயம் இதுதான். ரயிலில் ஒரு மணி நேரத் தூரத்தில் இருக்கும் கிள்ளானில் கோகிலா என்பவர் பட்டுச் சேலைக் கடை நடத்துகிறார். புதிய கடை ஒன்று திறக்கப் போகிறார். அதன் ஒரு சுவர் முழுவதற்கும், தரையிலிருந்து கூரைவரை, ஒரே படம் வேண்டும்: ஒரு பட்டுச் சேலை, அதில் ஒவ்வொரு சரிகை இழையும் தெரிய வேண்டும். கை முறிவதற்கு முன்பே மதுவிடம் ஒப்படைத்த வேலை. கை முறிந்த பிறகும் வேறு யாருக்கும் கொடுக்காதீர்கள் என்று இவள் கெஞ்சியிருக்கிறாள்.

"இந்தப் படம் ஒழுங்கா வந்துச்சுன்னா அடுத்த மாசம் இவ வேலை பெர்மிட் புதுப்பிக்கிறப்போ போட்டோகிராபர்னு எழுதிக் கொடுக்கறேன்" என்று சேவியர் என்னிடமே சொன்னார். "வரலைன்னா இன்னொரு வருஷம் லைட்டு பிடிக்கட்டும். லைட்டு பிடிச்சா ஒண்ணும் கெட்டுப் போயிடாதுங்க. நான் ஏழு வருஷம் பிடிச்சேன்."

அவர் போன பிறகு மதுவின் முகத்தைப் பார்த்தேன். இன்னொரு வருஷம் லைட்டு பிடித்தால் அவள் ஊருக்குத் திரும்பிவிடுவாள் என்று எனக்குத் தெரிந்தது. தாயாக நான் அதற்குச் சந்தோஷப்பட்டிருக்கலாம். அந்த முகத்தைப் பார்த்தபின் முடியவில்லை.

மேசைமேல் இரண்டு கேமராக்கள் இருந்தன. பெரியதற்குப் பக்கத்தில் இருந்த சின்னது, அவள் கல்லூரி முடித்தபோது நான் வாங்கிக் கொடுத்தது. உள்ளே கண்ணாடி இல்லாத 'மிரர்லெஸ்' கேமரா வகையில் முதல் படியில் இருப்பது, கற்றுக்கொள்பவர்களுக்கானது. பிடியில் ரப்பர் தேய்ந்து வழவழப்பாகியிருந்தது. பெரியதற்குப் பக்கத்தில் அது கல்யாண வீட்டில் வந்து உட்கார்ந்த ஏழைச் சொந்தக்காரர் மாதிரி ஒடுங்கியிருந்தது. எனக்கு அதன்மேல் பரிதாபமாக இருந்தது.

"அப்படி என்னதான் வித்தியாசம்?" என்றேன்.

"உள்ள வெளிச்சம் விழுற தகடு இருக்குல்ல, பெரிய கேமராவுல அது தீப்பெட்டி அளவு. சின்னதுல தபால்தலைல பாதி. பெரிய பாத்திரத்துல நிறைய மழைத் தண்ணி பிடிக்குமில்ல, அந்த மாதிரி."

ஜன்னலோரம் என்னை உட்காரவைத்து இரண்டிலும் ஒவ்வொரு படம் எடுத்தாள். சின்னது ஒரு நொடியில் என் கண்ணைத் தானாகவே கண்டுபிடித்து எடுத்துவிட்டது. பெரியது நிதானமாக யோசித்தது, தலைமை எழுத்தர் கையெழுத்துப் போடுவதற்கு முன் கோப்பைப் புரட்டுவதுபோல. பிறகு 'டொக்' என்று பெட்டி மூடும் சத்தம்.

இரண்டையும் கணினியில் பெரிதாக்கினாள். பெரிய கேமராப் படத்தில் என் பருத்திச் சேலையின் நூல் ஒவ்வொன்றும் தெரிந்தது. தோளில் குத்தியிருந்த ஊக்கின் துரு தெரிந்தது. வகிட்டில் சாயம் போன இடமும் தெரிந்தது. சின்ன கேமராவில் நான் கொஞ்சம் இளமையாக, நிம்மதியாகச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

"சின்னதுக்குத்தான் மரியாதை தெரிஞ்சிருக்கு" என்றேன்.

"அது மரியாதை இல்லம்மா. அதுக்குத் தெரியல. அவ்வளவுதான்."

பெரிய கேமராவைத் தொடப் போனேன். "ஐயோ, வேண்டாம்! தூசி உள்ள போச்சுன்னா சேவியர் அங்கிள் என்னைக் கொன்னுடுவார். கேமரா பை எதையும் நான் இல்லாம திறக்காதீங்க" என்றாள். நான் கையைக் கட்டிக்கொண்டேன். இதையும் நினைவில் வையுங்கள். என் பக்கத்து நியாயம் இதில்தான் இருக்கிறது.

மூன்றாம் நாள் விடிந்ததும் மது விளக்குகளோடு நிலையத்தின் லோரியில் கிள்ளானுக்குப் போய்விட்டாள். லோரியில் முன்னால் மூன்று பேர், பின்னால் இரும்புக் கம்பிகள். உடைந்த கையோடு கேமராவை எங்கே வைத்துக்கொள்வாள்? "நீங்க ரயில்ல மடியில வெச்சு எடுத்துட்டு வந்துடுங்கம்மா. அம்மா மடியைவிட பத்திரமான இடம் கிடையாது" என்றாள். எனக்கு உள்ளுக்குள் பெருமைதான்.

எட்டு பத்துக்கு லோரியிலிருந்து கூப்பிட்டாள். பின்னணியில் ஆண்குரல்களும் இரும்புச் சத்தமும்.

"அம்மா, கதவு மூலையில பைங்க இருக்கும். மீடியத்த எடுத்துக்குங்க. மறந்துடாதீங்க, மீடியம்."

மூலையில் மூன்று கறுப்புப் பைகள் இருந்தன. ஒன்று பெரியது, ஒன்று சின்னது, ஒன்று மீடியம்.

நான் தமிழ் மீடியத்தில் படித்தவள். எனக்குத் தெரிந்து உலகத்தில் மீடியம் இரண்டு வகை. ஒன்று தமிழா இங்கிலீஷா என்பது. மற்றொன்று நைட்டிக் கடையில் கேட்பது. நடுவில் இருந்த பையைத் தூக்கினேன். நல்ல கனம். திறக்கக் கூடாது என்று சொல்லியிருந்தாளே, திறக்கவில்லை.

ரயிலில் எதிரே ஓர் அம்மாள், மடியில் பிளாஸ்டிக் டப்பாவோடு உட்கார்ந்திருந்தார்.

"ஊருலேருந்து வந்தீங்களா?"

"எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"பைய புள்ள மாதிரி கட்டிப் பிடிச்சிருக்கீங்களே. இங்க யாரும் ஒண்ணும் பண்ண மாட்டாங்க, சும்மா கீழ வைங்க." ஒரு நிமிடம் யோசித்தார். "சரி, பண்ணுவாங்க. நல்லா பிடிச்சுக்குங்க."

டப்பாவைத் திறந்து ஒரு கறிபாப் கொடுத்தார். நம் சமோசாவுக்குத் தங்கை, உள்ளே உருளைக்கிழங்கு. ஒரு கையால் பையைப் பிடித்துக்கொண்டு மறுகையால் சாப்பிட்டேன். நடுவழியில் ரயில் பதினைந்து நிமிடம் நின்றது. நம் ஊராக இருந்தால் இந்நேரம் பாதிப் பேர் வாசலில் தொங்கி, இரண்டு பேர் தண்டவாளத்தில் இறங்கி, ஒருவர் காரணத்தையும் சொல்லியிருப்பார். இங்கே எல்லோரும் ஏசி குளிரில் தோளைக் குறுக்கிக்கொண்டு கைபேசியைப் பார்த்தார்கள். நான் மட்டும் கடிகாரத்தைப் பார்த்தேன்.

"எங்க எறங்கணும்?"

"கிள்ளான். கடைசி ஸ்டேஷன்தானே, பலகையில போட்டிருக்கே."

"ஐயோ, அது பெலாபுஹான் கிள்ளான் லா! துறைமுகம். அங்க போனீங்கன்னா கப்பலத்தான் பாக்கணும். உங்களுக்கு வெறும் கிள்ளான்." இரண்டு நிலையத்துக்கு முன்பே என்னை எழுப்பிக் கதவருகே நிறுத்திவிட்டார். அவர் பெயரைக்கூட நான் கேட்கவில்லை.

பத்து மணிக்குக் கோகிலாவின் பழைய கடைக்குப் போய்ச் சேர்ந்தேன். தெருவில் பூமாலை, முறுக்கு, ஒலிபெருக்கியில் பாட்டு. கடையின் இரும்புக் கதவு பாதி இறங்கியிருந்தது. பன்னிரண்டு மணிவரை வியாபாரத்தை நிறுத்திவைத்திருந்தார் கோகிலா. உள்ளே விளக்குகள், கேமரா நிறுத்தும் முக்காலி எல்லாம் தயார். கோகிலா நடுவில் அரக்கு நிறப் பட்டில் நின்றார். முந்தானையில் வரிசையாகச் சரிகை மயில்கள். சேலைக்கு மாடல் பெண் வேண்டாமா என்று கேட்டதற்கு, "என் கட, என் சேல, என் மூஞ்சி. வேற எவ எதுக்கு?" என்று முன்பே சொல்லிவிட்டாராம்.

"வாங்க அக்கா, பசியாறிட்டீங்களா?" என்றார் என்னிடம்.

மது ஒரு கையால் பையின் ஜிப்பைத் திறந்தாள். அப்படியே நின்றாள். அந்த நிற்பு எனக்குத் தெரியும்; தேர்வு முடிவைப் பார்க்கும் பிள்ளைகள் அப்படித்தான் நிற்பார்கள்.

"அம்மா. இது சின்ன கேமரா."

"நீதானே மீடியம்னு சொன்னே!"

"மீடியம் ஃபார்மட்மா! பெரிய கேமராவுக்குப் பேரே அதுதான்! ஸ்டூடியோவுல எல்லாரும் மீடியம்னுதான் சொல்லுவோம்!"

"நேத்து முழுக்க பெரிய கேமரா, பெரிய கேமரான்னுதானேடி சொன்னே? பெரிசுக்கு மீடியம்னு பேர் வெச்சவன் எவன்?"

அதைவிடப் பெரிய கேமரா ஒரு காலத்தில் இருந்ததாம், தலையில் கறுப்புத் துணி போர்த்திக்கொண்டு எடுப்பார்களே, அது. அதனால் இது மீடியமாம். இந்த விளக்கம் எனக்குப் பிறகுதான் கிடைத்தது. அப்போது கிடைத்தது கோகிலாவின் குரல்தான்.

"மகளுக்குக் கையில கட்டு, அம்மாவுக்குக் கையில தப்புப் பையி. நல்ல குடும்பம்."

நான் உடனே போய் எடுத்து வருகிறேன் என்றேன். "போய்ட்டு நீங்க வரதுக்குள்ள நான் கடயத் தொறந்து, யாவாரம் பண்ணி, மூடிட்டு வீட்டுக்குப் போயிருவேன்" என்றார் கோகிலா. நாளைக்கு மறுபடியும் மூட முடியாது, கல்யாண மாசம். படம் அச்சுக்குச் சாயங்காலமே போக வேண்டும். லோரி வேறு வேலைக்குப் போய்விட்டது. சேவியர் பூச்சோங்கில் ஒரு படப்பிடிப்பில் இருந்தார். நான்கு தடவை கூப்பிட்டும் எடுக்கவில்லை.

மது துணிக்கட்டுமேல் உட்கார்ந்தாள். என்னைத் திட்டியிருந்தால் தேவலை. திட்டவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இருபத்தைந்து வருடமாக இவளுக்கு எதுவும் ஆகிவிடக் கூடாது என்று ஒவ்வொரு நாளும் பயந்தவள் நான். கடைசியில் அவளுக்கு ஆனது நான்தான்.

கொஞ்ச நேரம் கழித்துப் பையைத் துழாவி ஒரு நீள லென்ஸை எடுத்தாள்.

"அம்மா, உங்க ஸ்கூல்ல பெரிய இந்தியா மேப் ஒண்ணு இருக்குமே, துண்டு துண்டா துணியில ஒட்டினது?"

"ஆமா."

"அந்த மாதிரி எடுக்கலாம். முழுசா ஒரே படமா எடுத்தா இந்தக் கேமராவுக்குச் சரிகை தெரியாது. கிட்டத்துல துண்டு துண்டா எடுத்தா தெரியும். இருபத்துநாலு துண்டு. அப்புறம் கம்ப்யூட்டர்ல ஒட்டிடலாம். ஆனா ஒவ்வொரு துண்டும் அடுத்த துண்டுமேல கொஞ்சம் ஏறி வரணும், கேமராவ நான் சொல்ற கோட்டுக்கு மட்டும் திருப்பணும். எனக்கு ஒரு கைதான் இருக்கு."

முக்காலியின் தலையில் ஊசி ஊசியாகக் கோடுகள் இருந்தன. நான் அதைத் திருப்பிப் பார்த்தேன். முப்பது வருடமாக ஆய்வகத்தில் பியூரெட் குழாயிலிருந்து அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டுப் பழகிய கை இது. கோட்டில் மயிரிழை பிசகாமல் நிறுத்தத் தெரியும்.

"ஆன்டி, அசையக் கூடாது" என்றாள் மது கோகிலாவிடம். முதலில் முகத்தை மட்டும் எடுத்து முடித்தாள், சிரிப்பு காய்ந்துபோவதற்குள். பிறகு ஒரு கோடு, நிறுத்து, கிளிக். ஒரு கோடு, நிறுத்து, கிளிக்.

"மூச்சு விடலாமா?"

"இந்த வரிசை முடியட்டும் ஆன்டி."

"என் கல்யாணத்துலகூட நான் இவ்ளோ நேரம் அசையாம நின்னதில்ல. நின்னிருந்தா என் புருசன் தப்பிச்சுப் போயிருப்பாரு."

கணினி துண்டுகளை ஒட்ட நேரம் எடுத்தது. படம் எழுந்து வந்தபோது மது பெரிதாக்கிப் பார்த்தாள். சரிகை இழை இழையாகத் தெரிந்தது. நான் கைதட்டப் போனேன். அவள் தலையை ஆட்டினாள்.

"மடிப்புக்குள்ள பாருங்க. அரக்கு கறுப்பாயிடுச்சு. பெரிய கேமரான்னா அந்த நிழலுக்குள்ளயும் சிவப்பு தெரியும். இது அங்க கைய விரிச்சுடுது."

எனக்குக் கோபம்கூட வந்தது, நான் வாங்கிக் கொடுத்த கேமரா அல்லவா. ஆனால் பார்த்தால் உண்மைதான். முந்தானை மடிப்பில் சிவப்பு இருக்க வேண்டிய இடத்தில் வெறும் இருட்டு.

மது அலமாரியைப் பார்த்தாள். கோகிலாவிடம் கேட்டு ஒரு புது வெள்ளை வேட்டியை எடுத்துப் பிரித்து என்னிடம் கொடுத்தாள். விளக்குக்கு எதிரே அதை விரித்துப் பிடித்தால் வெளிச்சம் அதில் பட்டுத் திரும்பி நிழலுக்குள் விழும். கோகிலாவின் கடைப்பெண் ஒரு முனையைப் பிடிக்க, மறுமுனையை ஓர் ஆணியில் மாட்டினோம். நான் கேமராவைக் கோட்டுக்குக் கோடு திருப்பினேன். மறுபடியும் இருபத்துநாலு. கடைசி வரிசையில் மது, "கை வலிக்குதாம்மா?" என்று கேட்டாள். உடைந்த கைக்காரி என்னைக் கேட்கிறாள்.

இரண்டாம் படம் ஒட்டி முடிந்தது. இந்தத் தடவை மடிப்புக்குள் அரக்கு எட்டிப் பார்த்தது. மணி பதினொன்று நாற்பது. அப்போதுதான் பாதி இறங்கிய கதவுக்குக் கீழே குனிந்து சேவியர் உள்ளே வந்தார். தவறிய அழைப்புகளைப் பார்த்துவிட்டுப் பூச்சோங்கிலிருந்து ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறார், சட்டை நனைந்திருந்தது. முக்காலிமேல் இருந்த கேமராவைப் பார்த்தார். மதுவைப் பார்த்தார்.

"தப்பு என்னுதுங்க" என்று நான் தொடங்கினேன். மது குறுக்கிட்டாள். "நான்தான் அங்கிள் சரியாச் சொல்லல."

அவர் நெற்றியிலிருந்த கண்ணாடியை இறக்கிக் கணினி முன்னால் உட்கார்ந்தார். மேலிருந்து கீழ்வரை அங்குலம் அங்குலமாகப் பார்த்தார். எனக்கு அந்த நேரம் பள்ளி ஆய்வுக்கு அதிகாரி வந்த நாள்களையெல்லாம் விட நீளமாக இருந்தது. ஓரிடத்தில் நிறுத்தினார்.

"இந்த மயிலுக்கு ரெண்டு மூக்கு இருக்கு லா."

எட்டிப் பார்த்தோம். மூன்றாம் வரிசையில், துண்டுகள் சேரும் இடத்தில், ஒரு மயிலுக்கு மட்டும் அலகு இரண்டாக இருந்தது.

"எனக்குத் தும்மல் வந்துச்சு. அடக்கிட்டேன்னு நெனச்சேன்" என்றார் கோகிலா.

மது திரைக்கு இன்னும் கிட்டே குனிந்தாள். சேவியர் மறுபடியும் மடிப்புப் பகுதிக்குப் போனார். அங்கே கொஞ்ச நேரம் இருந்தார். பிறகு எழுந்து, ஆணியிலிருந்து வேட்டியின் முனையைக் கழற்றித் தானே பிடித்துக்கொண்டு விளக்குப் பக்கம் நின்றார்.

"அந்த மூணாவது வரிசைய மட்டும் மறுபடி எடு. எங்க பிடிக்கணும், சொல்லு."

மது கேமராவில் கண்ணை வைத்தாள். "கொஞ்சம் மேல, அங்கிள்" என்றாள். அவர் மேலே தூக்கினார். "இன்னும் கொஞ்சம் உள்ள." உள்ளே நகர்ந்தார். நான் கேமராவைக் கோட்டுக்குக் கோடு திருப்பினேன். ஆறு துண்டு. ஒருவரும் மூச்சு விடவில்லை, கோகிலா உட்பட.

ஒட்டியபோது மயிலுக்கு ஒரே அலகுதான் இருந்தது. வெளியே இரண்டு வாடிக்கையாளர்கள் கதவைத் தட்டத் தொடங்கியிருந்தார்கள். கோகிலா தோளைத் தேய்த்துக்கொண்டே, பழக்கப்படி முதலாளியிடம் திரும்பி, "சேவியர், அச்சுக்கு எத்தன மணிக்குத் தருவீங்க? இந்தக் கலரு செவத்துல இதே மாதிரி வருமா?" என்று கேட்டார்.

சேவியர் வேட்டியை நான்காக மடித்துக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தவில்லை.

"என்னைய ஏன் கேக்கறீங்க அக்கா? போட்டோகிராபர் அங்க நிக்கறாங்க. அவங்கள கேளுங்க."